அத்தையின் செம்பு

உங்கள் வீட்டுச் சமையலறைச் சுவரில் ஒரு வெள்ளைப் பெட்டி மாட்டியிருக்கிறதா? அதில் சின்னதாக ஒரு பச்சை விளக்கு எரிகிறதா? அப்படியானால், சகோதரி, சற்று நேரம் என்னோடு உட்காருங்கள். அடுப்பில் பாலை வைத்துவிட்டு வந்திருந்தால் இறக்கி வைத்துவிட்டே வாருங்கள். சமாசாரம் கொஞ்சம் நீளம்.

எங்கள் வீடு சென்னை மடிப்பாக்கத்தில், பன்னிரண்டு குடித்தனங்கள் உள்ள அடுக்கு வீடு. ஆழ்குழாய்க் கிணற்றுத் தண்ணீர்தான் ஆதாரம். அந்தத் தண்ணீரில் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது, வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெள்ளை படியும். ஒரு லிட்டரில் கரைந்திருக்கும் உப்பு வகைகள் 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு வழியில்லாவிட்டால் 2,000 வரை போகலாம் என்பது நம் நாட்டுக் குடிநீர்த் தர விதி. எங்கள் கிணற்றுத் தண்ணீரில் அது 1,100. ஆகையால்தான் ஆர்.ஓ. யந்திரம் வந்தது. 1,100 என்பதை 70 ஆக்கிக் கொடுத்தது. ஏழு வருஷம் வாய் திறக்காமல் உழைத்தது. வாய் திறக்காமல் உழைப்பவர்களை நாம் எங்கே கவனிக்கிறோம்?

போன மாசி மாதம், பிள்ளைகளுக்குப் பரீட்சை நெருங்கிய சமயம், அது மெல்ல மெல்லச் சோர்ந்து போயிற்று. இரவில் காலி செய்து வைத்தால் ஒரு மணி நேரத்துக்குள் நிரம்பிவிடும் எட்டு லிட்டர்த் தொட்டி, மூன்று மணி நேரம் ஆகியும் நிரம்புவதில்லை. பகலில் எடுக்க எடுக்கத் தொட்டி வற்றிக்கொண்டே வரும்.

காலை ஆறு மணிக்கு எங்கள் சமையலறையைப் பார்த்திருக்க வேண்டும்! பேத்தி பேரன் என்று அத்தை கொஞ்சும் என் பிள்ளைகள் இருவருக்கும் பள்ளிக்கூடத்துப் பாட்டில், அவருக்கு ஆபீஸ் பாட்டில், காப்பிக்கு, பருப்புக்கு, உலைக்கு. இத்தனைக்கும் நடுவில் என் மாமியார் தம் பித்தளைச் செம்பைக் கையில் பிடித்துக்கொண்டு வரிசையில் நிற்பார். அத்தைக்கு எழுபத்தாறு வயது. அம்பாசமுத்திரத்தில் தாமிரபரணித் தண்ணீர் குடித்து வளர்ந்தவர். "இது என்ன தண்ணியோ! நாக்குல ஒட்டவே மாட்டேங்கு" என்று தினம் ஒரு தடவையாவது சொல்லிவிட்டுத்தான் குடிப்பார்.

ஒரு நாள் எனக்குப் பொறுக்கவில்லை. பள்ளி வாகனம் தெருமுனையில் ஒலி எழுப்புகிறது, பாட்டில் பாதிதான் நிறைந்திருக்கிறது, பக்கத்தில் செம்பு. "அத்தை, உங்களுக்கு என்ன அவசரம்? வீட்டில்தானே இருக்கப் போகிறீர்கள்! முதலில் பிள்ளைகளுக்குப் பிடித்துக்கொள்கிறேனே!" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டேன்.

அத்தை ஒன்றும் சொல்லவில்லை. "புடிச்சிக்கோம்மா" என்று நகர்ந்துவிட்டார். அந்த ஒரு வார்த்தையோடு விஷயம் முடிந்தது என்று நான் நினைத்தேன். முடியவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

என் கணவரிடம் சொன்னேன். அவர் பெட்டியின் தலையில் இரண்டு தட்டு தட்டினார். எங்கள் மாமனார் அந்தக் காலத்து ரேடியோவை இப்படித்தான் தட்டுவாராம், பரம்பரை வைத்தியம். பலிக்கவில்லை. "பழசாப் போச்சு, புதுசே வாங்கிடலாம்" என்றார். செல்போனைத் திறந்தால் பதினையாயிரம், இருபதாயிரம் என்று வரிசையாகப் பெட்டிகள் பல்லைக் காட்டின. பழுது பார்க்கும் பையனை அழைத்தேன். அன்று அவனுக்கு நாங்கள் பதினாலாவது வீடு. பெட்டியைத் திறந்தான், பார்த்தான், "மெம்பிரேன் போச்சும்மா. பம்பும் வீக். ரெண்டும் மாத்தினா 5,800 ஆகும்" என்றான். யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன்.

அதற்கு மூன்றாம் நாள் அத்தை குளியலறை வாசலில் தலைசுற்றி உட்கார்ந்துவிட்டார். நல்ல வேளை, விழவில்லை. தொட்டுப் பார்த்தால் உடம்பு கொதிக்கிறது. டாக்டரிடம் அழைத்துப் போனோம். சிறுநீரில் கிருமித் தொற்று, உடம்பில் நீர்ச்சத்தும் குறைவு என்று சொன்னார். "பாட்டி, ஒரு நாளைக்கு எத்தனை தம்ளர் தண்ணீர் குடிக்கிறீர்கள்?" என்று கேட்டார். அத்தை விரல் விட்டு எண்ணினார். காப்பியையும் சேர்த்து நாலு என்றார்.

டாக்டர் என்னைப் பார்த்தார். "வயதானவர்களுக்குத் தாகம் சரியாகத் தெரியாது, அம்மா. உடம்பில் தண்ணீர் குறைந்தாலும் நாக்கு கேட்காது. நீங்கள்தான் நேரம் பார்த்துக் கொடுக்க வேண்டும்" என்றார். எனக்கு அத்தையின் மேல் கோபம் கோபமாக வந்தது. வீட்டுக்கு வந்ததும், "ஏன் அத்தை குடிக்கவில்லை? குடித்திருந்தால் இந்த அவதி உண்டா?" என்று ஆரம்பித்தேன்.

அப்போது என் மகள், ஒன்பது வயது, குறுக்கே பேசினாள்.

"அம்மா, பாட்டி ராத்திரி தன் செம்புத் தண்ணியை என் பாட்டில்ல ஊத்திடுவாங்க. உன்கிட்டே சொல்லக் கூடாதுன்னாங்க."

நேயர்களே, காலையில் எழுந்து பார்த்தால் ஒரு பாட்டில் நிறைந்து இருக்கும். இரவு நான்தான் பிடித்து வைத்தேன் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு அடுத்த வேலையைப் பார்ப்பேன். பதினைந்து நாளாக அப்படித்தான் நினைத்திருக்கிறேன். பதினைந்து நாளாக அத்தை இரவெல்லாம் வறண்ட தொண்டையோடு படுத்திருக்கிறார்.

"நான் என்ன வெயில்லயா சுத்துதேன்? புள்ளைய பரீட்சை எழுதப் போகுது" என்று அத்தை சுவரைப் பார்த்துச் சொன்னார்.

அன்று நான் சாப்பிடவில்லை. கேன் தண்ணீர் வாங்கி அத்தையின் தலைமாட்டில் வைத்தேன். ஆனால், மனசு ஆறவில்லை. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பால் கணக்கு எழுதும் நோட்டை எடுத்துக்கொண்டு, முக்காலியைப் போட்டு, அந்த யந்திரத்துக்கு எதிரே உட்கார்ந்துவிட்டேன். ஒன்று அது, இல்லை நான்!

இந்தப் பெட்டிக்குள் என்னதான் நடக்கிறது? பாயசத்துக்குத் திராட்சையை ஊறப் போடுகிறோம், உப்பி வருகிறது. ஊறுகாய்க்கு எலுமிச்சையை நறுக்கி உப்புப் போடுகிறோம், தண்ணீர் விட்டுக்கொள்கிறது. தண்ணீருக்கு ஒரு குணம்: மெல்லிய தோல் ஒன்று நடுவில் இருந்தால், கரைசல் குறைந்த பக்கத்திலிருந்து கரைசல் மிகுந்த பக்கத்துக்கு அது தானாகவே போகும். 1748-ல் பிரான்ஸ் நாட்டுப் பாதிரியார் நொலே என்பவர் பன்றியின் நீர்ப்பையை வைத்து இதைக் கண்டு எழுதினார். அந்தக் குணத்தைத் தலைகீழாக்கி, உப்புத் தண்ணீரைப் பிடித்துத் தள்ளி, உப்பை இந்தப் பக்கம் நிறுத்தி, தண்ணீரை மட்டும் அந்தப் பக்கம் அனுப்புவதுதான் ஆர்.ஓ. அதற்கு ஏற்ற தோலைச் செய்வதுதான் கஷ்டமாக இருந்தது. 1960-ஐ ஒட்டி, அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சலீஸ் பல்கலைக்கழகத்தில் சிட்னி லோப் என்பவரும், நம் நாட்டில் பிறந்த ஸ்ரீனிவாச சௌரிராஜனும் அதைச் செய்து காட்டினார்கள். 1965-ல் கலிபோர்னியாவில் கோலிங்கா என்ற ஊருக்கு அந்த முறையில் குடிநீர் வந்தது. நம் மீஞ்சூரில் 2010-லும், நெம்மேலியில் 2013-லும் வந்த கடல்நீர் ஆலைகளும் இதே வித்தைதான். அங்கே மலை, நம் சமையலறையில் கடுகு.

தானாகப் போகாத தண்ணீரைத் தள்ளித்தான் அனுப்ப வேண்டும் என்றால், தள்ளுகிற பலம் குறைந்தால் வருகிற தண்ணீரும் குறையும். பலம் எங்கே குறைகிறது? இதுதான் கேள்வி.

முதலில் ஒரு சின்ன சோதனை. தொட்டி நிறைய இருக்கும்போது குழாயைத் திறந்தேன். தண்ணீர் நன்றாகவே கொட்டியது. தொட்டி நிறைந்திருந்தும் குழாயில் நூல் போல வந்தால் குற்றம் குழாயில். அதைக் கழற்றிக் கழுவினால் தீர்ந்தது. எங்கள் வீட்டில் அது இல்லை. தொட்டிக்கு வந்து சேருவதே குறைவு.

அடுத்து, தொட்டியைக் காலி செய்தேன். கழிவு நீர்க் குழாயை ஒரு வாளிக்குள் விட்டேன். கடிகாரத்தைப் பார்த்து ஒரு மணி நேரம் உட்கார்ந்தேன். யந்திரம் ஓடிற்று, நின்றது, மறுபடி ஓடிற்று, நின்றது. மூச்சு வாங்குகிற மாதிரி. ஒரு மணி நேரம் கழித்து இரண்டையும் அளந்தேன். நல்ல தண்ணீர் இரண்டரை லிட்டர். கழிவு எட்டு லிட்டர்.

எங்கள் யந்திரத்தின் தோல் ஒரு நாளைக்கு 75 காலன் என்று போட்டு வந்தது. அமெரிக்கக் காலன் ஒன்றுக்கு 3.785 லிட்டர். கணக்குப் போட்டால் மணிக்குப் பன்னிரண்டு லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு. நடைமுறையில் பத்து வந்தாலும் சந்தோஷம். வந்ததோ இரண்டரை!

ஆனால், எனக்கு வெளிச்சம் கொடுத்தது கழிவு வாளிதான். இதை எந்தச் சகோதரியும் மறக்கக் கூடாது. தோல் அடைத்துக்கொண்டால் நல்ல தண்ணீர் குறையும். கழிவு மட்டும் தாராளமாக ஓடும். உள்ளே வந்த தண்ணீர் வேறு எங்கே போகும்? கழிவை மட்டுப்படுத்துகிற சிறு குழல் கெட்டுப் போனாலும் அப்படித்தான். எங்கள் வீட்டிலோ நல்லதும் குறைவு, கழிவும் குறைவு. இரண்டுக்கும் உள்ள விகிதம் மட்டும் பழையபடி ஒன்றுக்கு மூன்றாகவே இருந்தது. அப்படியானால் தோலைக் குற்றம் சொல்ல முடியாது. யந்திரத்துக்கு வந்து சேரும் தண்ணீரே போதவில்லை. தண்ணீர் இல்லாமல் ஓடினால் பம்பு கெட்டுவிடும் என்று, வருகிற தண்ணீரின் அழுத்தம் குறைந்தால் அதை நிறுத்திவிடும் ஒரு விசை உள்ளே இருக்கிறது. மூச்சு வாங்கியது அதனால்தான். பிள்ளை மெலிந்ததற்குப் பிள்ளையைத் திட்டினோமே தவிர, சோறு வந்ததா என்று பார்க்கவில்லை!

எங்கே தடை? மாடித் தொட்டியில் தண்ணீர் இருக்கிறது. சமையலறைக் குழாயில் நன்றாக வருகிறது. யந்திரத்துக்குப் போகும் வால்வும் முழுசாகத் திறந்திருக்கிறது. நான் விழித்துக்கொண்டு நின்றேன்.

நாற்காலியில் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்த அத்தை அப்போதுதான் வாயைத் திறந்தார்.

"ஏம்மா, போற தண்ணியவே அளந்துக்கிட்டு இருக்கியே, வர்ற தண்ணியப் பாத்தியா?"

"பார்த்தேனே அத்தை, தெளிவாகத்தானே வருகிறது?"

"கண்ணுக்குத் தெளிவாத்தான் இருக்கும். ஆத்துல புதுவெள்ளம் வந்தா நாங்க துணி கட்டித்தான் புடிப்போம். துணிதான் சொல்லும்."

தம் பழைய வெள்ளைச் சேலையிலிருந்து ஒரு துண்டு கிழித்துக் கொடுத்தார். அதை நாலாக மடித்துச் சமையலறைக் குழாயில் கட்டி, இரண்டு வாளி தண்ணீர் பிடித்தேன். அவிழ்த்துப் பார்த்தால், அம்மாடி! நடுவில் காப்பிப் பொடி அப்பிய மாதிரி ஒரு பழுப்பு வட்டம். விரலால் தேய்த்தால் நறநற என்கிறது.

இந்த மண் எங்கிருந்து வந்தது? சொல்ல வெட்கமாக இருக்கிறது. மூன்று வாரத்துக்கு முன் எங்கள் அடுக்கு வீட்டின் தரைத் தொட்டியைச் சுத்தம் செய்தார்கள். அடியில் கிடந்த வண்டலைக் கலக்கி விட்டிருக்கிறார்கள். அது மாடித் தொட்டிக்கு ஏறிவிட்டது. அந்தச் சுத்தத்துக்காக வீட்டுக்கு 500 ரூபாய் என்று படியேறி வசூலித்தவள் வேறு யாருமில்லை, நான்தான்.

மண் வந்தால் அதை முதலில் தடுப்பது எது? யந்திரத்துக்கு வெளியே தனியாக ஒரு முன்வடிகட்டி உண்டு. கெட்டியாக நூல் சுற்றிய மெழுகுவர்த்தி மாதிரி, வெள்ளையாக, ஒரு டப்பாவுக்குள் இருக்கும். எங்கள் வீட்டில் அது எங்கே? தொட்டி மேடைக்கு அடியில், அலமாரிக்குள். பழுது பார்க்க வந்த பையன் ஏன் அதைப் பார்க்கவில்லை? எப்படிப் பார்ப்பான்? அதற்கு முன்னால் அரிசி டிரம்மை நிறுத்தி வைத்தவள் இந்த மகராசிதானே!

டிரம்மை நகர்த்தினேன். மின்சாரப் பிளக்கைப் பிடுங்கினேன். ஈரக் கையோடு அதைத் தொடாதீர்கள், அதுதான் முதல் வேலை. தண்ணீர் வால்வை மூடினேன். அடியில் வாளியை வைத்து, டப்பாவைத் திருகுவதற்கென்றே யந்திரத்தோடு கொடுத்த பெரிய வளையச் சாவியால் என் கணவர் திருகினார். உள்ளே இருந்த வெள்ளை மெழுகுவர்த்தி சாக்லேட் நிறத்தில் வந்தது. கொழகொழவென்று களிமண் பூச்சு.

"பாத்தியா, ஆறு உங்க வீட்டுக்கே வந்துட்டு!" என்றார் அத்தை. ஒரு வாரத்துக்குப் பிறகு அன்றுதான் சிரித்தார்.

புதிய வடிகட்டியின் விலை 150 ரூபாய். டப்பாவை நன்றாகக் கழுவி, ரப்பர் வளையம் அதன் பள்ளத்தில் சரியாக உட்கார்ந்ததா என்று பார்த்து, மூடித் திருகினோம். வளையம் விலகினால் அலமாரி முழுக்க வெள்ளம்தான். முதல் இரண்டு தொட்டித் தண்ணீரைக் குடிக்க எடுக்காமல் பாத்திரம் தேய்க்க விட்டேன். பிறகு மறுபடி முக்காலி, கடிகாரம், வாளி. யந்திரம் மூச்சு வாங்காமல் ஓடிற்று. தொட்டி நிரம்பி நின்றுவிடாமல் நடுவில் எடுத்து எடுத்து அளந்தேன். ஒரு மணி நேரத்தில் நல்ல தண்ணீர் பத்து லிட்டர். கழிவு முப்பதுக்குக் கொஞ்சம் குறைவு. பால் கணக்கு நோட்டில் அதைச் சிவப்பு மையால் எழுதி வைத்திருக்கிறேன்.

பையனைக் கூப்பிட்டு நோட்டைக் காட்டினேன். அவன் தலையைச் சொறிந்துகொண்டு சிரித்தான். "இப்படி எல்லா வீட்டிலும் எழுதி வெச்சா எனக்கு வேலை மிச்சம்மா" என்றான். நல்ல பையன். யந்திரத்துக்குள் இருக்கும் கரி வடிகட்டியைப் பார்த்து, அதற்குத் தவணை வந்துவிட்டது என்று சொன்னான், மாற்றிக்கொண்டேன். தண்ணீரில் போடும் குளோரினைக் கரிதான் பிடித்து வைக்கிறது. அது தவறினால் குளோரின் உள்ளே போய்த் தோலை அரித்துவிடும். சிக்கனம் என்று அதைத் தள்ளிப் போட்டால் பின்னால் பெரிய செலவு வரும்.

இவ்வளவும் ஏன் எழுதுகிறேன் என்றால், உங்கள் வீட்டுப் பெட்டியும் ஒரு நாள் சோர்ந்து போகும். அப்போது உடனே புதுசு வாங்க ஓடாதீர்கள். குழாயா, தொட்டியா என்று பாருங்கள். நல்லதையும் கழிவையும் அளந்து பாருங்கள். கழிவு தாராளமாக ஓடி நல்லது குறைந்தால், தோலையும் அந்தச் சிறு குழலையும் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டும் குறைந்தால், வால்வு, முன்வடிகட்டி, கரி என்று வாசலிலிருந்து உள்ளே வாருங்கள். அவையெல்லாம் சரியாக இருந்தால்தான் பம்பின் மேல் சந்தேகப்படலாம். கழிவு நீரை வீணாக்காதீர்கள். தரை துடைக்கவும், கழிப்பறைக்கும் ஆகும். செடிக்கு மட்டும் தினமும் ஊற்ற வேண்டாம். உப்பு மிகுந்த தண்ணீர், மண் கெட்டுவிடும். 2019-ல் ஏரிகள் வறண்டு, லாரித் தண்ணீருக்காகக் குடத்தோடு நின்ற நமக்கு, ஒரு வாளித் தண்ணீரின் அருமையை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

ஆனால், சகோதரி, நான் சொல்ல வந்தது இது மட்டுமல்ல. ஒரு யந்திரம் எத்தனை லிட்டர் கொடுக்கிறது என்று அளக்க ஒரு மணி நேரம் முக்காலி போட்டு உட்கார்ந்தேன். என் வீட்டில் ஒரு வயதான மனுஷி எத்தனை தம்ளர் குடிக்கிறார் என்று பார்க்க ஒரு நிமிஷம் எனக்குக் கிடைக்கவில்லை. டாக்டர் கேட்டபோதுதான் தெரிந்தது. அதை நினைத்தால் இப்போதும் நெஞ்சில் அந்தக் களிமண் ஒட்டிக்கொண்டிருக்கிற மாதிரி இருக்கிறது.

அத்தை இப்போது சௌக்கியம். எங்கள் வீட்டில் காலையில் முதலில் நிறைவது அந்தப் பித்தளைச் செம்புதான், பாட்டில்கள் அப்புறம். இரவு படுக்கப் போகுமுன் அதை ஒரு தடவை கையில் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் விளக்கை அணைக்கிறேன். சாயங்காலம் கனத்தது இரவில் லேசாக இருந்தால் எனக்கு நிம்மதி. அதோடு மகளின் பாட்டிலையும் ஒரு பார்வை பார்த்துக்கொள்வேன்; அத்தையை அவ்வளவு சுலபமாக நம்பிவிட முடியாது!

நேற்றுக் காலை செம்பை நீட்டினேன். ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"எத்தனை துணி கட்டி வடிச்சாலும் எங்க ஆத்துத் தண்ணி மாதிரி வராதும்மா" என்றார்.

"வராது அத்தை, வரவே வராது. நீங்கள் குடியுங்கள்" என்றேன்.

செம்பு காலியாகிறவரை பக்கத்திலேயே நின்றேன்.